வலதுக்கு மச்சான், இடதுக்கு மாப்பிள்ளை

அவளுடைய நுரையீரல் இரண்டும் கைவிட்டுவிட்டன. வலப்பக்கத்துக்கு ஒருவர், இடப்பக்கத்துக்கு இன்னொருவர் தங்கள் நுரையீரலில் ஆளுக்கொரு துண்டு கொடுக்க வேண்டும். ஒருவர் தேறாவிட்டாலும் காரியம் நடக்காது. வந்து நின்றவர்கள் அவள் கணவரும் அண்ணனும். ஒரே பட்டறையில் சேர்ந்த நாளில் தொடங்கிய வாக்குவாதத்தை இன்னும் முடிக்காத இருவர்.

முதலில் குழாயில் ஊதும் சோதனை. கணவர் ஊதிய ஊதலில் சுவர்க் காலண்டர் மூன்று மாதம் முன்னால் போனது. கீழ்த்தளத்தில் கதவுகள் தாமாகவே திறந்துகொண்டதாகக் கேள்வி.

“போதும் சார், மிஷின் பாவம்,” என்றாள் சோதிக்கும் பெண்.

“மாப்ள பெருமூச்சு விட்டாலே கொடியில துணி பறக்கும்மா. இதெல்லாம் என்ன!” என்றார் மச்சான்.

பிறகு படிவம். ‘புகைபிடித்ததுண்டா?’ கணவரின் பேனாவுக்கே வியர்த்தது. கல்யாணத்துக்கு முன், ஊர்ப் புகைபோக்கிகளெல்லாம் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட காலம் ஒன்று உண்டு. உண்மையை எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்களே! ‘இல்லவே இல்லை’ என்று எழுதி, அடிக்கோடும் போட்டார்.

மறுநாள் டாக்டர் இருவரையும் அவள் கட்டிலருகே கூப்பிட்டார். “உங்க மச்சான் வேற கதை சொல்றாரே?”

“போட்டுக் குடுத்துட்டீங்களா மச்சான்!”

“என் தங்கச்சிக்குள்ள போற பொருள் மாப்ள. அதுல ஒளிவுமறைவு எதுக்கு? பட்டறைக்குப் பின்னால நீங்க ஊத, நான் காவல் நின்னது மறந்துபோச்சா?”

கணவர் டாக்டர் பக்கம் திரும்பினார். “கல்யாணத்துக்கு மொத நாள் விட்டேன் டாக்டர். இருபத்திரண்டு வருஷமாச்சு. என்னைத் தள்ளிடாதீங்க. அவளுக்கு வேற ஆள் இல்ல.”

“எப்பவோ விட்டதுக்கு யாரு தள்ளப் போறா? ஸ்கேன் சுத்தமா இருக்கு, ஊதினதும் நல்லா இருக்கு. பொய்யை வெச்சுக்கிட்டுதான் கத்தியை எடுக்க முடியாது.”

கணவர் பேனாவை வாங்கி, முதலில் அந்த அடிக்கோட்டை அடித்தார்.

மூக்கில் ஆக்சிஜன் குழாயுடன் படுத்திருந்தவள் எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “தெரியும்... பொண்ணு பாக்க வந்தன்னைக்கே... சட்டை சொல்லிச்சு.”

உயரமானவர் வலதுக்கு, குள்ளமானவர் இடதுக்கு என்று டாக்டர் பிரித்திருந்தார். வித்தியாசம் அரை அங்குலம். போதாதா?

“செருப்பைக் கழட்டிட்டு அளந்தாங்களா மச்சான்?”

“தலையில முடியைக் கழிச்சா நீங்க இன்னும் குள்ளம் மாப்ள!”

“எனக்குள்ள வந்தும்... சண்டை போட்டீங்கன்னா,” என்றாள் அவள், “ரெண்டு பேரையும்... இருமித் துப்பிடுவேன்.”

பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக இருவரும் ஒன்றாக வாயை மூடினார்கள். அறையில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மூச்சு வரும்வரை இருவரும் தங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.