வாக்குப் பெட்டிக்கு முன்னால் நின்றவள்

1

நாணயத்தை யாரும் நாணய அளவில் வரைவதில்லை என்று எங்கோ படித்தேன். சாப்பாட்டுத் தட்டு அளவில் வரைந்து, அதே அளவில் பாரிஸ் சாந்தில் வார்த்து, பிறகு இயந்திரத்தால் சுருக்குகிறார்கள். தட்டில் முகமாக இருப்பது காசில் கீறலாகிவிடலாம். இந்த ஒரு தகவலை வைத்துக் குடும்பக் கதை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். ஐந்து வாரமாகிறது.

2

'மலாக்காவின் காஜா பேராங்கில் மழை பெய்துகொண்டிருந்தது. தெய்வானையின் மனத்திலும்...'

(அடித்துவிட்டேன். என் நாவல்கள் எல்லாவற்றிலும் மழைதான்.)

நேராகவே சொல்கிறேன். 1957. மலாயா விடுதலை பெறப்போகிறது. அதன் நினைவாகப் புழக்கத்துக்கு ஒரு காசு வெளியிட, படம் கேட்டு ஒரு குழு போட்டி வைக்கிறது. (அப்படி ஒரு போட்டி நடந்ததா என்று தேட வேண்டாம். நானே வைத்தேன்.) பண்டார் ஹிலிர் பள்ளிக்கூடத்தில் ஓவியம் கற்பிக்கும் தெய்வானை, வாக்குப் பெட்டியையும் அதன் முன்னால் சீட்டோடு நிற்கும் ஒரு பெண்ணையும் பென்சிலில் வரைகிறாள். அவள் கணவர் சேதுராமன் அந்தக் குழுவின் கடிதங்களைப் பார்க்கும் எழுத்தர்; அந்த ஊர்ப் பேச்சில் கிராணி.

அனுப்புவதற்கு முதல் நாள் மாலை அவர் அந்தப் படத்தைக் காசு அளவில் சிறிதாக வரைந்து பார்த்தார். பெண் ஒரு கோடாகத்தான் தெரிந்தாள். மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். ரப்பரை எடுத்துப் பெரிய படத்திலிருந்து அந்தப் பெண்ணை அழித்துவிட்டார்.

பெட்டி மட்டும் போனது. பெட்டிக்கே பரிசும் கிடைத்தது. படம் கையெழுத்துக்குத் திரும்பி வந்தபோதுதான் தெய்வானை அதைப் பார்த்தாள்.

'இது என் படம்' என்று வெள்ளிக்கிழமைக்குள் தெய்வானை கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவள் வரைந்த காசு நாடெங்கும் புழங்கும். மறுத்தால் குழு காரணம் கேட்கும்; போட்டிப் படத்தில் கை வைத்த கிராணிக்கு வேலை போகும்.

3

(தெய்வானை மலாக்காச் செட்டி வீட்டுப் பெண்; பல தலைமுறைக்கு முன் அங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழி வந்தவள். பேசுவது மலாய். என்னால் முடிந்த தமிழில் தருகிறேன். கணவரை 'அபாங்' என்பாள். அதை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.)

"அபாங், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ கோயிலுக்குப் போயிட்ட. காலையில அனுப்பணும்."

"கோயில் அடுத்த சந்துலதானே இருக்கு? சிங்கப்பூர்லயா இருக்கு?"

"காசுல அவ கோடு மாதிரி தெரியுறா, தெய்வானை. உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"கோடா தெரிஞ்சா பெட்டியைச் சின்னதாக்கி அவளைப் பெருசாக்கணும். அதுக்குப் பேருதான் வரையறது. ஓட்டுப் போட ஆளே இல்லாம பெட்டி எதுக்கு, மீன் வைக்கவா?"

சேதுராமன் சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது.

4

இந்த இடத்தில் என் கதைகளில் மனைவி மன்னித்துவிடுவாள். 'தெய்வானை மெல்லப் புன்னகைத்தபடி பேனாவை...' நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் வேறு யாரோ ஒரு நல்ல பெண் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

சரி, மறுக்கட்டும் என்று எழுதினேன். சேதுராமனுக்கு வேலை போகிறது. இருவரும் ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில் துணிக்கடை வைத்து... போதும். துணிக்கடை வைத்து இன்னும் எத்தனை தம்பதிகளைத்தான் நான் சேர்த்துவைப்பது?

எரிச்சலில் நான் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது வெள்ளிக்கிழமை காலை. தெய்வானை கணவர் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்திருந்தாள்.

"என் கையெழுத்து ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கதான் அழிச்சீங்கன்னு குழுவுக்கு நீங்களே எழுதுங்க. அதை அனுப்பறதா வேணாமான்னு அப்புறம் நான் சொல்றேன்."

"எழுதிட்டா என் வேலை என் கையில இல்லையே."

"என் படம் என் கையிலயா இருந்துச்சு?"

5

சேதுராமன் தேதி எழுதினார். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினார். அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த வரி எனக்குத் தெரியும். எழுதிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும், நானும் நிம்மதியாகச் சாப்பிடலாம். ஆனால் இருவரையும் கேட்காமல், அவர்கள் நல்லதுக்கென்று நானே எழுதினால், சேதுராமனை நான் எந்த முகத்தோடு குறை சொல்வது?

குழுவுக்கான தபால் பதினொரு மணிக்குப் போகும். உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன்னால் தெய்வானையை ஒரு வார்த்தை கேளுங்கள்.