கழுவி எடுத்த மணிகள்

எங்க வீட்டுக்காரரை அந்தக் குழிக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தான். வேலை போனதிலிருந்து மனுஷன் நாற்காலியில உக்காந்தா உக்காந்த இடம், வாயே திறக்கிறதில்ல. "பழங்காலப் பொருளைப் பொதுமக்களே தோண்டிப் பாக்க ஞாயித்துக்கிழமை வகுப்பு எடுக்கிறேன்ல, நீங்களும் வாங்களேன்"னு இழுத்துட்டுப் போனேன்.

முதல்ல பயிற்சிக் குழி. மணலுக்குள்ள நாங்களே பானை ஓடு, பாசிமணின்னு புதைச்சு வச்சிருப்போம். தேடி எடுத்து, வாளித் தண்ணியில பிரஷ்ஷால கழுவிக் கொண்டுவந்தா எல்லாரும் கை தட்டுவோம். பிள்ளைங்களுக்கு அது போதும். இவருக்கும் அதுவே போதுமா இருந்துச்சு. ஒரு ஓட்டைக் கழுவி நீட்டிட்டு பல்லெல்லாம் தெரிய நின்னார். அந்தச் சிரிப்பைப் பாத்து எத்தனை மாசமாச்சு!

பக்கத்துக் குழி நிஜமானது. அது மேலதான் புது ரோடு வருது. மறுநாள் காலையில மண்வாரி வண்டி வந்துரும். அதுக்குள்ள ஆய்வுக்கு வர்ற தொல்லியல் துறை அதிகாரிக்கு, மண்ணுக்குள்ள அசையாம கிடக்கிற ஒரு பழைய பொருளைக் காட்டினாத்தான் வண்டியை நிறுத்துவாங்க. இருந்த இடத்துல இருந்தாத்தான் அது சாட்சி. வெளியில வந்துட்டா வெறும் சாமான்.

அன்னிக்கு மதியம், ஒரு பெரிய பானையோட வாய் வட்டமா எட்டிப் பாத்துச்சு. நான் குதிக்காத குறைதான். போன்ல ஒரு படம் பிடிச்சேன். "பிள்ளைங்க மிதிச்சுடப் போறாங்க, கொஞ்சம் பக்கத்துல உக்காருங்க"ன்னு இவர்கிட்ட சொல்லிட்டு, அதிகாரியைக் கூட்டிவர வாசலுக்கு ஓடினேன். அவர் வந்து சேரவே ரொம்ப நேரமாயிடுச்சு.

நிஜக் குழியில எதையும் எடுக்கக் கூடாதுங்கிறது எங்க வகுப்புல அடுத்த வாரப் பாடம்.

நாங்க வந்தப்போ இவர் ரெண்டு கையையும் ஏந்திட்டு எதிர்ல வர்றார். சட்டையெல்லாம் ஈரம். உள்ளங்கை நிறைய சிவப்பு மணிகள், பளபளன்னு.

"பாத்தியா, உள்ள எவ்வளவு இருந்துச்சுன்னு! சார் வர்றதுக்குள்ள உனக்கு ரெடி பண்ணிடணும்னு ஒரே மூச்சா எடுத்துட்டேன். பானையையும் பெயர்த்து எடுத்துட்டேன். எலும்பு மாதிரி ஏதோ கிடந்துச்சு, அதையும் தேய்ச்சுக் கழுவிட்டேன்."

அய்யோ, கடவுளே!

அதிகாரி குழிக்குள்ள எட்டிப் பாத்தார். வெறும் பள்ளம். போன் படத்தை நீட்டினேன்.

"இதுல விளிம்பு மட்டும்தானே இருக்கு? மத்ததெல்லாம் இங்கதான் இருந்துச்சுன்னு எதை வச்சும்மா எழுதுவேன்?"

கெஞ்சினேன். என்னென்னவோ சொல்லிப் பாத்தேன். "என் கையில ஒண்ணுமில்லம்மா"ன்னு சொல்லிட்டு அவர் வண்டி ஏறிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. நல்லா நாலு வார்த்தை கேக்கணும்னு திரும்பினேன். இவர் ஏந்தின கையை இன்னும் இறக்கல. முகத்துல அதே சிரிப்பு, ஆனா லேசா தடுமாறுது.

"என்னம்மா, யாரும் கை தட்டலையே?"

அழுகையை முழுங்கிட்டுக் கை தட்டினேன். சத்தம் கேட்டு பிள்ளைங்களும் ஓடி வந்து தட்டினாங்க.