பேக்ஸ்பேஸ் வேலை செய்யாத ஆறு வருஷம்

அணைக்கட்டு அலுவலகத்தில் அவளுக்கு ‘பிசகாத மேடம்’ என்று பேர். விரல் வைத்தால் ஓர் எழுத்து தப்பாது என்பார்கள். மேடமும் ஆறு வருஷமாக அதை மறுக்கவில்லை.

விஷயம் வேறு. நீர்மட்டக் கணக்குப் போடும் அந்தப் பழைய நிரலில் பேக்ஸ்பேஸ் வேலை செய்யாது. அமுக்கினால் எழுத்து அழியாது. பக்கத்தில் ^H என்று இன்னும் இரண்டு எழுத்து வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு புள்ளி மாறினாலும் முழ நீள வரியை முதலிலிருந்து அடிக்க வேண்டும். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிக்கப் பழகியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், ஆபீஸ் மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து அதே நிரலில் கணக்கு அடித்துக்கொண்டிருந்தபோது, இரவல் வாங்கிப் போன சூட்கேஸைத் திருப்பித் தர நாத்தனார் வந்தாள். ஓர் ஆஸ்பத்திரியில் கணினிகளைக் கவனிப்பவள். பின்னால் நின்று பார்த்தவளுக்குப் பொறுக்கவில்லை.

“என்ன அண்ணி, மறுபடி மொத்தத்தையும் அடிக்கிறீங்க?”

“அழியாதும்மா. பழகிப்போச்சு.”

“ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லலையா?”

“தப்பே பண்ணாதவன்னு பேர் வாங்கிட்டு, அழிக்க முடியலன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு போய்ச் சொல்றது?”

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உங்க விசை ஒரு குறிய அனுப்புது. நீங்க அடிக்கிற இந்தக் கறுப்பு ஜன்னல் இருக்கே, டெர்மினல், அது வேற குறிக்குக் காத்துக்கிட்டிருக்கு. அவ்வளவுதான்.” ஒரே ஒரு கட்டளை. எழுத்து அழிந்தது.

மேடம் ஆசையாக இடது அம்பை அமுக்கினாள். ^[[D என்று வந்தது. “பாத்தியா! நான் சொல்லல?” என்றாள், ஏதோ ஜெயித்துவிட்டவள் போல.

“நிரலுக்கே வரியைத் திருத்தத் தெரியல அண்ணி. நடுவுல ஒரு ஆள் போடணும்.” வரியைத் திருத்தித் தரும் சின்ன நிரல் ஒன்றை நிறுவி, பழைய நிரலை அதற்குள்ளிருந்து ஓட வைத்தாள். முதல் தடவை கோப்பின் பெயரைத் தப்பாக அடித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்த தடவை ஓடியது. அம்பு நகர்ந்தது. மேல் அம்பை அமுக்கினால் முன்பு அடித்த வரி அப்படியே திரும்பி வந்தது. மேடம் வேலையே இல்லாமல் ஏழெட்டுத் தடவை அமுக்கிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை எதிர் மேஜை பொறியாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நான் ஒரு கோப்புல எல்லா வரியையும் எழுதி வச்சி ஒட்டிக்கிட்டிருக்கேன் மேடம். எனக்கும் போட்டுக் குடுங்களேன்.”

போட்டுக் கொடுத்தாள். அன்று மூன்று மதகுகளின் கணக்கும் மதியத்துக்குள் முடிந்தது. நடுவில் இருபது தடவையாவது தப்பாக அடித்திருப்பாள், எண்ணவில்லை.