மறுமுனையில் அண்ணன்

கொழுந்து வெட்டும் மிஷினை ஒருவரால் தூக்க முடியாது. நிரையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் இடுப்பளவுத் தேயிலை. மகேனுக்கு எதிரே மிஷினைப் பிடித்திருந்தவன் அவனுடைய அண்ணன் காளியண்ணன். அம்மாவை எரித்துவிட்டு வந்த நாளிலிருந்து அண்ணனிடம் வசவைத் தவிர வேறு பேச்சில்லை. மேட்டில் வேண்டுமென்றே வேகமாக ஏறுவான். மகேன் தடுமாறி, வாய்க்காலுக்குள் காலை விட்டு, சேற்றோடு ஓடி வந்து ஈடுகொடுப்பான். ஜோடியை மாற்றச் சொல்லிக் கங்காணியிடம் கேட்டும் பார்த்தாயிற்று.

"ஆள் எங்கப்பா இருக்கு? பங்களாதேஷ் ஆளுங்க எல்லாம் மேல் மலைக்குப் போயிட்டானுங்க. அண்ணன் தம்பிதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க லா."

வேலை முடிந்தாலும் விடுதலை இல்லை. தோட்டம் கொடுத்த லயத்து வரிசையில் அண்ணன் வீட்டுக்கும் மகேன் வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். அண்ணன் இருமுவது இங்கே கேட்கும். இங்கே பேசுவது அங்கே கேட்குமே என்று மகேனும் அவன் மனைவி குமுதாவும் ஜெபத்தைக்கூட முணுமுணுத்தார்கள். வேலையை விட்டால் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

ரிங்லெட் டவுனில் அவர்கள் போகும் சபையின் போதகரிடம் சொன்னான். வேதம் காட்டும் வழி எளிதுதான் என்றார் அவர். கடுஞ்சொல்லுக்கு மெதுவான சொல்லால் பதில் கொடு, மனத்தாங்கல் இருந்தால் ஊரைக் கூட்டாமல் நீயே தனியாகப் போய்ப் பேசு. மகேன் அதைக் கைமருந்துபோல விடாமல் செய்து பார்த்தான். "குருட்டுப் பயலே, ஒழுங்கா புடி" என்று அண்ணன் கத்தினால், "சரிண்ணே" என்பான். ஒவ்வொரு 'சரிண்ணே'வுக்கும் அண்ணனின் தாடை இன்னும் இறுகியது.

அன்று சரிவின் கோடியில் மிஷின் நின்றுபோனது. காளியண்ணன் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான். மற்ற ஜோடிகள் பனிக்கு அப்பால் எங்கோ இருந்தார்கள். தனியாகப் பேச இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று மகேனுக்குத் தோன்றியது.

"அண்ணே, என்னை மன்னிச்சிரு."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"ஒங்க பாஸ்டர் கேக்கச் சொன்னாரா?"

பொய் சொல்ல வரவில்லை. "ஆமா."

காளியண்ணன் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "நெனச்சேன். திட்டுனாலும் சரிண்ணே, இழுத்தாலும் சரிண்ணே. மனுசன்கிட்ட பேசுற மாதிரியாடா இருக்கு? அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன், அதான் முறை. கொள்ளிய கையில வச்சுகிட்டு ஒனக்காக எல்லாரும் நிக்கிறாங்க. நீ வேன் ஓரமா கையக் கட்டிகிட்டு நின்ன. கடைசியில நான் வச்சேன். அம்மா ஒன்னத்தாண்டா தேடியிருக்கும்."

இதற்கு மகேன் பலமுறை பதில் தயாரித்து வைத்திருந்தான். விசுவாசம், மனசாட்சி என்று நல்ல வார்த்தைகளாகவே பொறுக்கியிருந்தான். ஆனால் வந்தது அவனே எதிர்பாராத கத்தல்.

"வைக்கணும்னுதாண்ணே இருந்துச்சு! சபை ஆளுங்க எல்லாம் வந்து நின்னாங்க. வச்சா என்ன சொல்லுவாங்களோன்னு பயந்துட்டேன். அவ்ளோதான். வசனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயம்!"

அண்ணன் அவனைப் பார்த்தான். இத்தனை நாளும் அவன் பார்வை மிஷினின் கத்தியைத் தாண்டி வந்ததில்லை.

"இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

மகேன் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். கத்தித் தீர்த்ததில் மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது, அண்ணன் அடுத்த கேள்வியைக் கேட்கும் வரை.

"வர்ற மாசம் அம்மாவுக்கு வருசத் திதி. வருவியா?"

போனால் சபைக்குப் பதில் சொல்ல வேண்டும். போகாவிட்டால் இந்த நிரை, இந்த மிஷின், அந்தப் பலகைச் சுவர். மெதுவான பதில் ஒன்றைத் தேடினான். இருப்பதில் எதைச் சொன்னாலும் ஒரு பக்கம் அறுக்கும்.

"அண்ணே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

காளியண்ணன் வற்புறுத்தவில்லை. குனிந்து கயிற்றின் பிடியை விரல்களில் மாட்டிக்கொண்டான். இழுக்கவில்லை. கீழே தார்ச்சாலையில் காய்கறி லோரி ஒன்று வளைவுக்கு ஹாரன் அடித்துப் போனது. பனி நிரையின் மேல் ஏறி வந்து கொழுந்துப் பையை மூடியது, பிறகு அண்ணனின் இடுப்பை, தோளை. கயிற்றைப் பிடித்திருந்த கை மட்டும் வெண்மைக்குள் அசையாமல் தெரிந்தது.