பலகைமேட்டுச் சுனை

கீழே போடிநாயக்கனூர் ஏலமணம் கமழத் துயின்றுகிடக்க, மேலே குரங்கணி மலைகள் ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறிநின்று, கதிரவனை முதலிற் காண்பது யாரென முட்டிமோதிக்கொண்டிருந்த வைகறையில், அக்கூட்டத்துள் ஒன்றுமட்டும் தலையின்றி நின்றது. நம்பினால் நம்புங்கள், அன்பரே, வானவர் பந்தியமர்ந்து உண்ணுதற்கென்றே ஒரே வீச்சில் சீவியெறிந்தாற்போல் அதன் உச்சி பரந்து கிடந்தது. ஓர் உழுந்தை அதன்மேல் வைத்தால், எப்பக்கம் உருளலாமென்று ஆண்டுக்கணக்கில் எண்ணிக்கொண்டே இருக்கும். பலகைமேடு என்பது அதன் பெயர். அதன் நடுவே ஒரு சுனை.

மொழிவழி மாநிலங்கள் பிரிந்த மறு ஆண்டின் கொடுங்கோடை அது. மேட்டின் கிழக்குச் சரிவில் சோணையும், மேற்குச் சரிவில் அவன் தங்கை பேச்சியை மணந்த வீரையாவும் ஏலத்தோட்டம் வைத்திருந்தனர். மழை பொய்த்துச் செடிகள் துவண்டு மடிய, எஞ்சிய சுனைநீரோ ஒரு தோட்டத்தை உயிர்ப்பிக்கவே போதுமானதாயிருந்தது. நீர் பிரியும் மலைமுகடு நாடுகளுக்கே எல்லையாகுமெனில் நமக்கும் ஆகட்டுமென்று இருவரும் உடன்பட்டனர். சுனைக்கரையில் ஒரு குடம் நீரைக் கவிழ்ப்பது. அது யார் பக்கம் ஓடுகிறதோ, சுனை அவனுக்கு.

இரு வீட்டுக்கும் உரியவளான பேச்சியே குடத்தைக் கவிழ்த்தாள். நீர் நொடிப்பொழுது தயங்கி நின்று, பிறகு தாய்மணம் கண்ட கன்றென நேர்கிழக்கே துள்ளியோடியது.

சோணை தொடைதட்டி ஆர்த்தான். "பாத்தியா மாப்ளே! தண்ணிக்கே தெரியுது யாரு தோட்டம்னு. வெரசா போயி ஒஞ்செடியப் புடுங்கி அடுப்பெரி!"

வீரையா குனிந்து, நீரோடிய ஈரக்கோட்டை விரலால் தடவினான். பாசிக்கடியில் மயிரிழைபோல் ஒரு வாய்க்கால். விரல்நுனியில் வெண்ணிறக் கல்தூள்.

"என்ன மச்சான், பாறைக்கு வகிடு எடுத்து வச்சிருக்கீரு?"

"அது ஆதியிலருந்தே உள்ளதுப்பா."

"நேத்து உளி போட்ட தூளு இன்னும் கையில ஒட்டுது! களவாணிப்பயலே!"

அவ்வளவுதான். இரண்டு அரிவாள்கள் மோதிய ஓசையில் போடி நகர்ச் சேவல்கள் கூவ மறந்தன. தெறித்த பொறிகளில் ஓர் ஊரே உலை வைத்திருக்கலாம்! வீரையாவின் விரல்கள் மூன்று பறந்து சுனையில் விழுந்தன. சோணையின் செவியொன்று பள்ளத்தாக்குக்குப் போனது, தங்கையின் கூக்குரலைக் கேட்க விரும்பாததுபோல்.

"அண்ணே, வேணாம்ண்ணே! யோவ், விட்டுருய்யா!"

விடவில்லை. விலா பிளந்து சோணை சாய்ந்தான். பெருகிய குருதி, வழியறியாது அப்பலகையில் சற்றே பரந்து நடுங்கி, பின் அவன் வெட்டிய வகிட்டைக் கண்டுகொண்டு கிழக்கே விரைந்தது. பேச்சி முந்தானையைச் சுருட்டிக் காயத்தில் அழுத்தினாள். அவள் கையை விலக்கி அவன் நகைத்தான்.

"விடு ஆத்தா... அங்க பாரு... எம்பக்கந்தான் ஓடுது."

திறந்த விழிகள் அதைப் பார்த்தபடியே நிலைத்தன.

வீரையாவைச் சிறை கொண்டது. நீரிறைக்கும் கையின்றி இரு தோட்டங்களும் கருகின. அக்கோடை முழுதும் சுனையைக் குரங்குகளே ஆண்டன. கார் தொடங்குமுன் பேச்சி தனியே ஏறிவந்து, சுண்ணாம்பும் மணலும் குழைத்து அவ்வகிட்டை மூடினாள். அது காய்ந்து இறுகியபின் ஒரு குடம் நீரைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

நீர் எப்பக்கமும் போகவில்லை. வானத்தைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றது.