அப்பா போட்ட நட்சத்திரம்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். மேலாளர் வைத்தது. அதில் அவளுக்குக் கோபமே கிடையாது, ஏனென்றால் வேலையே அதுதான். சினிமா, கடை, ரிப்பேர்காரர் என்று உலகத்தில் எதற்கெல்லாம் மனிதர்கள் நட்சத்திரம் போடுகிறார்களோ அத்தனையும் வந்து சேரும் இணையதளம் அது. ஒன்றிலிருந்து ஐந்து வரை போடலாம். ஒவ்வொரு நட்சத்திரத்தின் கீழும் பொடியாக எண் இருக்கும். வந்து விழுவதில் எது நிஜ ஆள் போட்டது, எது கூலிக்குப் போட்டது, எது கும்பலாகக் கூடிக் கல்லெறிந்தது என்று சலித்துப் பார்த்துக் கழிவைத் தூக்கி எறிய வேண்டும்.

சந்தேகப்படுவதற்கே சம்பளம் கொடுத்தால் அந்தப் புத்தி செருப்போடு சேர்த்து வாசலில் கழன்றுவிடுமா? வீட்டுக்குள்ளும் வரத்தான் செய்யும். பக்கத்து வீட்டம்மா, "என்னம்மா, இளைச்சுட்டியே" என்று பரிவாகக் கேட்டால்கூட, இவருக்கு நம்மிடம் என்ன காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்றுதான் அவள் மனம் ஓடும்.

தொழிலில் அவளுக்கென்று ஒரு சூத்திரம் இருந்தது. நிஜமாகப் படம் பார்த்தவன் படத்தை மட்டும் திட்டமாட்டான். இருக்கை முதுகைக் குத்தியது, முன்னால் இருந்தவன் போனில் பேசினான், வண்டி நிறுத்த இடமில்லை என்று கையோடு நாலு பேரைச் சேர்த்துத் திட்டுவான். படம் மட்டுமே மோசம், மற்றதெல்லாம் சொர்க்கம் என்பதுபோல் எழுதியிருந்தால் ஆள் தியேட்டர் வாசலையே மிதிக்கவில்லை என்று அர்த்தம்.

அந்த வாரம் சல்லடையில் வந்து விழுந்தது அவள் தம்பியின் படம்.

தம்பிக்கு முதல் படம். பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, வருஷக்கணக்காக நாய் படாத பாடு பட்டு எடுத்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவரின் கடைசி வேலை நாள், அவ்வளவுதான் கதை. ஊரில் பெரிய பேர் எடுத்த ஒரு விமர்சகர் நாலு நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டியிருந்தார். பார்வையாளர் பக்கத்திலோ சராசரி எண் 1-ஐ ஒட்டித் தரையில் கிடந்தது. காரணம், முன்னோட்டத்தில் ஒரு குடிகாரன் கறுப்புக் கண்ணாடியைச் சுழற்றி மாட்டுகிறான். அது தங்கள் தலைவரைக் கிண்டல் செய்வதுதான் என்று ஒரு பெரிய நடிகரின் ரசிகர்களுக்கு யாரோ ஓதிவிட்டார்கள். படம் வெளியான காலையே, முதல் காட்சி இடைவேளைக்கு வருவதற்குள், ஒற்றை நட்சத்திரங்கள் மழையாகக் கொட்டிவிட்டன. இப்படியே போனால் திங்கட்கிழமை தியேட்டர்கள் படத்தைத் தூக்கிவிடும். தூக்கிவிட்டால் தம்பியை நம்பி அடுத்த படத்துக்கு எவன் வருவான்?

"இது என் தம்பி படம் சார். வேற யாரையாவது பார்க்கச் சொல்லுங்க" என்று மேலாளரிடம் முறையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"உங்க சந்தேகத்துக்குத் தம்பியாவது, தங்கையாவது! நீங்களே பாருங்க. கடைசியா நான் ஒரு தடவை சரிபார்த்துக்கறேன்" என்றார் அவர்.

உட்கார்ந்து சலித்தாள். ஒரே எழுத்துப் பிழையோடு ஒரே வாக்கியம் நூற்றுக்கணக்கான பேரிடமிருந்து வந்திருந்தது. எல்லாம் கும்பல், தூக்கினாள். தூக்கத் தூக்க மனம் லேசாயிற்று. கொசுறாக ஒரு ஐந்து நட்சத்திரமும் மாட்டியது. முதல் காட்சி தொடங்குவதற்கு முன்பே விழுந்த ஐந்து. பார்த்தால் அவளுடைய அம்மாவின் போன். முழங்கால் வலியில் மாடிப்படியே ஏறாத அம்மா எந்தத் தியேட்டருக்குப் போனாள்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சிரித்தபடி அதையும் கழிவில் தள்ளினாள்.

அப்புறம்தான் அந்த ஒன்று வந்தது.

பெயரில்லாத கணக்கு. எழுத்து ஒன்றுமில்லை, ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும். ஆனால் தளத்தின் வழியாகவே டிக்கெட் வாங்கியிருக்கிறது. ஆக, கல்லெறி கும்பல் இல்லை; உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போட்ட ஒன்று. யார் என்று தோண்டினாள். இணைய இணைப்பு அவள் வீட்டுடையது. அந்தக் கணக்கு இதற்கு முன் வாழ்க்கையில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் மதிப்பெண் போட்டிருந்தது. அவர் தெருமுனை ஃபிரிட்ஜ்காரர். அவருக்கு ஐந்து.

அப்பாவின் கணக்கு! மேல்தட்டு குளிரவில்லை என்று கூப்பிட்டதற்கு வந்து, குளிர்ந்துகொண்டிருந்த கீழ்த்தட்டையும் சேர்த்துச் சூடாக்கிவிட்டுப் போன மகான் அவர். போகும்போது, "சார், போன்ல நமக்கு ஒரு மார்க் போட்டுடுங்க" என்று அப்பாவின் போனில் தானே கணக்குத் திறந்து கொடுத்ததை அவள் கண்ணால் பார்த்தாள். அதிலிருந்து அந்த ஆள் தெருவில் அப்பாவைக் கண்டால் நெஞ்சில் கை வைத்துக் கும்பிடுகிறார். "வெக்கம் கெட்டவன், எப்படிச் சிரிக்கிறான் பாரு" என்று அப்பா பல்லைக் கடிப்பார். அதெல்லாம் வெளி வேஷமா? ஏதாவது ஓசியில் செய்து தருகிறேன் என்று சொல்லி ஐந்து வாங்கிக்கொண்டானா? செத்துப்போன ஃபிரிட்ஜுக்கு ஐந்து, பெற்ற பிள்ளைக்கு ஒன்றா?

நினைக்க நினைக்க எல்லாம் பொருந்தி வந்தது. தம்பி வேலையை விட்ட நாளிலிருந்து அப்பா அவனோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. பாராட்டு என்பதே அவர் வாயில் வராது. மரக் கிடங்கில் பலகைகளைத் தட்டித் தடவிப் பார்த்துத் தரம் பிரித்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் முதலில் விரிசல்தான் அவர் கண்ணில் படும். அதற்காக, ஊர் மொத்தமும் அடிக்கும்போது மறைந்து நின்று தானும் ஒரு கல்லை எறிவாரா? எறியமாட்டார் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதுதான் அவளுக்கு அழுகையாக வந்தது. அந்த ஒன்றைத் தொடாமல் நிறுத்திவைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

சாயங்காலம் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தம்பி தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தான். இன்றைக்குக் கேட்காவிட்டால் இனி அப்பா முகத்தைப் பார்க்கவே முடியாது என்று தோன்றியது அவளுக்கு.

"அப்பா, நீங்க தம்பி படம் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே" என்றார் அப்பா, தட்டிலிருந்து தலையை எடுக்காமல். "நேத்து மத்தியானம். கூட்டமே இல்ல. பின்னாடி ஒரு கதவு கிறீச்சு கிறீச்சுன்னு உயிரை வாங்குச்சு. ஒரு சொட்டு எண்ணெய் விட ஆளில்லை போல."

கதவையும் சேர்த்துத் திட்டுகிறார். சந்தேகமே இல்லை, நிஜமாகப் பார்த்திருக்கிறார். தம்பி நிமிர்ந்து பார்த்தான். அப்பா போனது அவனுக்கே தெரியாது.

"பார்த்துட்டு நட்சத்திரம் போட்டீங்களா?"

"போட்டேன்."

"எவ்வளவு?"

"ஒண்ணு" என்றார் அப்பா. சொல்லிவிட்டு மகனை ஓரக்கண்ணால் பார்த்தார்.

தம்பியின் முகம் செத்துவிட்டது. "ஊரே கல்லெறியுது. நீங்களுமாப்பா?"

"ஊர் கண்டதையும் போடும். நான் வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் யோசிச்சுத்தான் போட்டேன். சட்டுனு ஒண்ணு போடற ஆளா நான்?"

தம்பி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "போதும்பா. இனிமே நான் இங்க இருந்தா மரியாதை இல்ல. நாளைக்கே வேற இடம் பார்த்துக்கறேன்."

அப்பா ஒன்றும் புரியாமல் விழித்தார். "இவனுக்கு என்னம்மா கோவம்? ஒண்ணு போட்டிருக்கேங்கறேன், மூஞ்சியைத் தூக்கறான். இதுக்கு மேல நான் எங்க போறது?"

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, நான் கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு போட்டேன். அதைப் பார்த்தாவது உங்களுக்கு மனசு இளகக் கூடாதா?"

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. "நீ அஞ்சு போட்டியா? அடிப்பாவி! பெத்த பிள்ளைக்கு அஞ்சு போட உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அந்த வார்த்தை மட்டும் அவள் சல்லடையில் தங்கிவிட்டது.

"அப்பா," என்றாள் மெதுவாக, "அந்த ஃபிரிட்ஜ்காரருக்கு எவ்வளவு போட்டீங்க?"

"அந்தப் பயலுக்கா? அஞ்சு! ஆறு இருந்திருந்தா ஆறு போட்டிருப்பேன். அவ்வளவு கேவலமா போட்டும் கும்பிடு போடறான் பாரு, அவனையெல்லாம் என்ன சொல்ல?"

"அஞ்சுன்னா..."

"அஞ்சுன்னா விறகு. அடுப்புக்குத்தான் லாயக்கு. நாலு, பெட்டி அடிக்க. மூணு, கட்டடத்துச் சாரத்துக்கு. ரெண்டு, கதவு, மேஜை. ஒண்ணுன்னா கணு கிடையாது, விரிசல் கிடையாது, கையை வச்சா எடுக்க மனசு வராது. நான் பார்த்த மொத்த வேலையில ஒண்ணு போட்டது ஒரு கை விரலுக்குள்ள அடங்கிடும். அந்தப் போன்லதான் கீழே நம்பர் போட்டிருக்கே. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. அது என்ன தெரியாதா எனக்கு?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சல்லடைக்கோ அப்போதும் புத்தி போகவில்லை. மாட்டிக்கொண்டதும் சமாளிக்கிறாரோ? போனில் விளக்கைப் போட்டுக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிந்தாள். அப்பா கிடங்கிலிருந்து தேர்ந்தெடுத்து வாங்கிய பலகையில் செய்த மேஜை அது. அடிப்பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் பெரிதாக, மங்கலாக, 2.

"அங்க என்னடி தேடறே?" என்றார் அப்பா. "ரெண்டுதான் போட்டிருக்கேன். சொந்த வீட்டு மேஜைன்னு ஒண்ணு போட்டுக்க முடியுமா?"

மேஜைக்கடியிலிருந்து அவள் வெளியே வந்தபோது தம்பி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். "நிஜமாவே ஒண்ணாப்பா?" என்று கேட்டான். குரல் சின்னப் பையனுடையது மாதிரி இருந்தது.

"ஒரு இடத்துல விரிசலோன்னு பயந்தேன்" என்றார் அப்பா. "அந்த டிரைவர் வண்டிச் சாவியைக் குடுத்துட்டு வெறும் கையோட நடக்கறானே, அங்க. ரொம்ப நேரம் நடக்க விட்டுட்டியேன்னு நினைச்சேன். அப்புறம்தான் உறைச்சுது. நான் கிடங்கை விட்டு வந்த அன்னைக்கு அப்படித்தான் நடந்தேன். சரி, இதுல கை வைக்க ஒண்ணும் இல்லைன்னு விட்டுட்டேன்."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

"அப்பா, அந்தத் தளத்துல அஞ்சுதான் ஒசத்தி" என்று அவள் விளக்கினாள். "போனைக் குடுங்க. அஞ்சுன்னு மாத்திடறேன்."

அப்பா போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அஞ்சா? என் கையாலயா? அவங்க வேணும்னா தலைகீழா நிக்கட்டும். என் பையனுக்கு விறகு நம்பர் போடமாட்டேன்."

"மாத்த வேணாம்க்கா" என்றான் தம்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அது அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் மேலாளர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். கும்பல் போட்ட ஒன்றுகள் எல்லாம் போய் எண் மூன்றரைக்கு மேலே எழுந்து நின்றது. தியேட்டர்கள் இன்னும் ஒரு வாரத்துக்கு ஒத்துக்கொள்ள அது போதும். மீதமிருந்த ஒற்றை நட்சத்திரத்தில் அவர் விரல் வந்து நின்றது.

"இது?"

"டிக்கெட் இருக்கு சார். முழுசா உட்கார்ந்து பார்த்திருக்கார். நிஜமான ஆள். இருக்கட்டும்."

"அந்த அஞ்சைத் தூக்கியிருக்கீங்க?"

"படமே பார்க்காம போட்டது சார்."

மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணு போட்டவரை விட்டுட்டு அஞ்சு போட்டவரைத் தூக்கறீங்க. தம்பி மேல அப்படி என்னங்க கோவம்?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் சிரித்துவிட்டாள். அப்போது போன் அதிர்ந்தது. தம்பி. எத்தனை தியேட்டரில் படம் நிற்கிறது என்று கேட்கிறானோ என்று எடுத்தாள்.

"அக்கா, அப்பாவோட ஒண்ணு பத்திரமா இருக்கா?"

"இருக்குடா" என்றாள்.