ஆட்ராவின் அறவியல் துணைப்பாடம்

ஆட்ரா க்ளெம் அறவியலைத் துணைப்பாடமாக எடுத்ததற்கு ஒரே காரணம், அதில் வெள்ளிக்கிழமை வகுப்பு கிடையாது.

ஒஹையோவில் சோளக்கொல்லைகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னக் கல்லூரியில் அவள் நிதித்துறை மாணவி. மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் ஆலோசகர் அவளுடைய ரெஸ்யூமேயைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"வெறும் ஃபைனான்ஸ் மேஜர், முதன்மைப்பாடம் மட்டும்னா மொட்டையா இருக்கும்மா. பக்கத்துல துணைப்பாடமா ஒரு மைனர் சேத்துக்கோ."

அறைத்தோழி மார்னிக்கு ஏற்கெனவே மூன்று துணைப்பாடங்கள்: ஸ்பானிஷ், நாடகம், மண்ணியல். "ஒண்ணுமே ஞாபகம் இல்லடி. ஆனா வரிசையா போட்டா பாக்க எவ்ளோ லட்சணமா இருக்கு!" என்பாள்.

அறவியல் துணைப்பாடத்துக்கு வேண்டிய ஆறு பாடங்களில் ஐந்தை ஆட்ரா முடித்தாள். அவளே எதிர்பாராதது, அது பிடித்துப்போனது. வாக்குக் கொடுப்பதைப் பற்றிய ஒரு வகுப்பில் பேராசிரியர் ஓபர்க்கோடு வாதாடி மதியச் சாப்பாட்டையே கோட்டைவிட்டாள். மார்னி கிண்டலடிப்பாள் என்று அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாவது, 'உண்மையும் பொய்யும்' என்ற கட்டாயப் பாடம். அதை நடத்தியவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு யாரையும் போடவில்லை. துணைப்பாடத்தை விட்டுவிடலாமா என்று கேட்க, அடித்தளத்தில் கொதிகலனுக்குப் பக்கத்து அறையில் இருந்த ஓபர்க்கைத் தேடிப் போனாள்.

அவர் பதறி எழுந்தார். "ஐயோ, விட்டுடாத! இந்த வருஷம் எட்டு பேர் முடிக்கலைன்னா துறையையே மூடிருவேன்னு டீன் சொல்லிட்டாரு. நீதான் எட்டாவது ஆளு. வேற என்ன கோர்ஸ் படிச்சிருக்க?"

"விளம்பர உத்திகள்."

"பிரமாதம்! அதையே இதுக்குப் பதிலா வச்சுக்கலாம். அதுல அறவியல் இருந்துச்சுன்னு பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடு, போதும்."

"வேண்டாத பொருளை எப்படி அடுத்தவன் தலையில கட்டுறதுன்னுதான் அதுல சொல்லிக் கொடுத்தாங்க."

"அதை எழுதாத. அந்த வகுப்பு உன் மனசாட்சியைத் தட்டி எழுப்புச்சுன்னு எழுது."

"பொய் எழுதச் சொல்றீங்களா, ப்ரொஃபசர்?"

இருபத்திரண்டு வருடங்களாக அறவியல் கற்பித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பாடம் இருந்திருந்தா இதைப் பத்தி ஒரு வாரம் விவாதிச்சிருக்கலாம்," என்றார்.

எழுதினாள். 'நெஞ்சைத் தொடும் நேர்மை' என்று குழு பாராட்டி ஒப்புதல் கொடுத்தது.

படிப்பு முடியும் தறுவாயில், கொலம்பஸ் நகரத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் நேர்காணல். இழப்பீட்டுப் பிரிவின் மேலாளர் டுவெய்ன் ஸ்டாக் ரெஸ்யூமேயைச் சிரித்த முகமாகத்தான் படித்துக்கொண்டு வந்தார். கடைசி வரியில் சிரிப்பு நின்றது.

"அறவியலா?"

"ஆமா சார்."

"தப்பா நினைக்காதீங்க. இங்க வர்ற மனுக்கள்ல பாதியை நாங்க தள்ளுபடி பண்ணணும். உங்களுக்கு அதுல ஏதும் சங்கடம் வராதே?"

இந்த வரியால்தான் வேலை கிடைக்கும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

"கவலைப்படாதீங்க சார். அது மேஜர் இல்ல, வெறும் மைனர்தான்."

டுவெய்ன் மேஜையைத் தட்டிச் சிரித்தார். வேலை கிடைத்தது. வண்டிக்குத் திரும்பியவள் ரெஸ்யூமேயின் கடைசி வரியை இன்னொரு முறை படித்துப் பார்த்தாள்.

ஜூனில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றாவது வாரம், ஆலங்கட்டி மழையில் கொட்டகைக் கூரையை இழந்த ஒரு விவசாயியின் மனு வந்தது. 'மனுவில் காற்றுச் சேதம் என்று எழுதவில்லை' என்ற காரணம் காட்டித் தள்ளச் சொன்னார்கள். ஆட்ரா கூட்டத்தில் எழுந்தாள்.

"ஆலங்கட்டிக்கும் சேத்துத்தானே அவர்கிட்ட பணம் வாங்கினோம்? கொடுக்குறோம்னு சொன்னமா, இல்லையா?"

அந்த விவசாயிக்கு முழு இழப்பீடும் போனது. மறுவாரமே ஆட்ராவுக்குப் பதவி உயர்வும் வந்தது: ஊழியர் நெறிமுறைப் பயிற்சியின் தலைவி. அவளுடைய புதிய அறைக்கு மனு எதுவும் வருவதில்லை. ஆனால் அறை பெரியது, ஜன்னல்கூட உண்டு.